ஊர்ப்பேச்சுக்கு ஏடு தந்த கிரியர்சன்

முன்னுரை

நம் நாட்டில் எத்தனை மொழிகள் வழங்குகின்றன என்று மாணவரை வினவினால், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையை நினைந்து 22 என்று விடை பகர்வர். 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 1,652 தாய்மொழிப் பெயர்களைப் பட்டியலிட்டது. 2010ஆம் ஆண்டு தொடங்கிப் பேராசிரியர் கணேஷ் தேவி அவர்களின் தலைமையில் நடைபெற்ற மக்கள் மொழி ஆய்வு 780 மொழிகளைக் கண்டது. ஒரே நாடு, ஒரே வினா, விடைகளோ பல. ஆடுமாடுகளை எண்ணுவது போன்று மொழிகளை எண்ணிவிட இயலாது என்பது இதனால் விளங்கும். எது மொழி, எது அதன் கிளை, எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த அரிய வினாவை இந்திய மண்ணில் முதன்முதலாக முழுமையாக எதிர்கொண்டவர் சர் ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் ஆவார். இன்று மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் என்னும் தேசிய மொழியியல் ஆய்வு நிறுவனம் இயங்கி வருகின்றது. அந்நிறுவனம் தோன்றுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, தாமே ஒரு நிறுவனமாக நின்று பணியாற்றிய அப்பெருமகனாரின் வாழ்வையும் தொண்டையும், அத்தொண்டில் நேர்ந்த குறைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

கிரியர்சன் 1851ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரை அடுத்த கிளெனகேரி என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் அரசாங்க அச்சகத்தாராகப் பெயர் பெற்ற குடும்பமாகும். எழுத்தும் அச்சும் அவருக்குப் பிறப்பிலேயே உறவாயின. அவர் பிறந்த காலத்தில் அயர்லாந்து கொடும் பஞ்சத்திலிருந்து மீண்டு கொண்டிருந்தது. அம்மண்ணின் பழந்தாய்மொழியாகிய ஐரிஷ், ஆங்கிலத்தின் முன் நாளுக்கு நாள் ஒடுங்கி வந்தது. ஒரு மொழி தன் சொந்த மண்ணிலேயே சிறுத்துப் போவதை அந்நாடு கண்டுகொண்டிருந்த காலம் அது.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் கிரியர்சன் கணிதம் பயின்றார். ஆயினும் அவருடைய வாழ்வைத் திசை திருப்பியவர் இராபர்ட் அட்கின்சன் என்னும் பேராசிரியர். வடமொழியில் வல்லுநரான அவர் பழைய ஐரிஷ் ஏடுகளையும் ஆராய்ந்தவர். அவரிடம் கிரியர்சன் வடமொழியும் இந்துஸ்தானியும் கற்றுப் பரிசுகளும் பெற்றார். நல்லாசிரியர் ஒருவர் மாணவனின் உள்ளத்தில் இடும் வித்து எத்தனை ஆண்டு கழித்தும் முளைக்கும் என்பதற்கு இவ்வாழ்வு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். இந்திய ஆட்சிப் பணித் தேர்வில் வெற்றி பெற்ற கிரியர்சன் 1873ஆம் ஆண்டு வங்க மாகாணத்தில் பணியேற்றார். அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டு.

அலுவலரும் ஊர்மக்களும்

அந்நாளைய வங்க மாகாணம் இன்றைய பீகாரையும் உள்ளடக்கியிருந்தது. இளம் அலுவலரான கிரியர்சன் தம் பணியின் தொடக்கத்திலேயே ஓர் உண்மையை உணர்ந்தார். தாம் தேர்வுக்காகக் கற்ற இந்துஸ்தானி வேறு, தம் முன் வழக்குரைக்க வந்து நிற்கும் உழவனின் பேச்சு வேறு. முறையீடு செய்பவன் ஒரு மொழியில் அழ, எழுத்தர் மற்றொரு மொழியில் எழுத, தீர்ப்பு மூன்றாவது மொழியில் வெளிவந்தது. இதனை அலுவலர் பலர் இயல்பு என்றே கொண்டனர். கற்றறிந்தோரும் அவ்வூர்ப்பேச்சைத் திருந்தாத இந்தி என்று ஒதுக்கினர். கிரியர்சனோ அப்பேச்சுக்கும் இலக்கணம் உண்டு, வரலாறு உண்டு, இலக்கியமும் உண்டு என்று கருதி அதனைக் கற்கத் தொடங்கினார்.

1878ஆம் ஆண்டில் வடவங்கத்து நாட்டார் வாயில் வழங்கிய மாணிக் சந்திரன் பாடலை அவர் வங்க ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1881ஆம் ஆண்டில் பீகாரில் எளிய மக்கள் கணக்கெழுதவும் கடிதம் வரையவும் பயன்படுத்திய கைத்தி எழுத்துக்கு ஒரு கையேடு செய்தார். 1881, 1882ஆம் ஆண்டுகளில் மைதிலி மொழிக்கு இலக்கணமும் பாடற்றொகையும் சொற்கோவையும் வெளியிட்டார். 1883 முதல் 1887 வரை மைதிலி, மகஹி, போஜ்புரி முதலிய பீகாரி வழக்குகளுக்கு ஏழு இலக்கண நூல்களை எழுதி முடித்தார். பகலெல்லாம் வழக்கும் வரியும் என அலைந்த ஓர் அலுவலர் ஓய்வு நேரத்தில் ஆற்றிய பணிகளே இவையனைத்தும்.

இதற்கிடையே 1883ஆம் ஆண்டில் அவர் அரசுக்கு வேறொரு அறிக்கையும் அளித்தார். ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்து குடியேற்ற நாடுகளுக்குச் சென்ற வங்க மாகாண மக்களைப் பற்றிய அறிக்கை அது. மொரீசியசிலும் டிரினிடாடிலும் கயானாவிலும் பின்னாளில் போஜ்புரி ஒலித்ததற்குக் காரணமான பெயர்ச்சியை, அம்மொழிக்கு இலக்கணம் எழுதியவரே நேரில் ஆராய்ந்தார் என்பது கருதத்தக்கது.

உழவர் வாழ்வே அகராதி

கிரியர்சனின் நூல்களுள் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியது 1885ஆம் ஆண்டில் வெளிவந்த பீகார் உழவர் வாழ்க்கை என்னும் நூலாகும். இது அகரவரிசையில் அமைந்த அகராதி அன்று. உழவன் வீட்டு வாயிலில் தொடங்கி, வயல், களம், மாட்டுத்தொழுவம், அடுக்களை, சந்தை என ஒவ்வோரிடமாக நம்மை அழைத்துச் செல்லும் பொருள்வழிச் சொற்றொகை. ஏரின் உறுப்புகள், வண்டியின் உறுப்புகள், நீரிறைக்கும் பொறிகள், கரும்பாலை, செக்கு, தறி, குயவன் திகிரி, மண்வகை, நெல்வகை, கால்நடைகள், கூலி, கடன், அளவைகள் ஆகிய அனைத்துக்கும் மக்கள் வழங்கிய பெயர்கள் மாவட்ட வேறுபாட்டோடு அந்நூலில் இடம்பெற்றுள்ளன. இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரின் திருமணச் சடங்குச் சொற்களும் அதில் உள்ளன. பொருள்கள் பலவற்றுக்குப் படங்களும் சேர்க்கப்பட்டன.

அரசின் நிலவரித் துறைக்குப் பயன்படும் என்னும் நோக்கமும் அந்நூலுக்கு உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆளுவோர் அறிவதற்காகத் திரட்டப்பட்டதே ஆயினும், இரும்புக் கலப்பையும் மின்மோட்டாரும் வந்து பழைய கருவிகள் மறைந்த பின்னர், அவற்றின் பெயர்கள் அந்நூலில் அழியாது நிற்கின்றன. கருவி போனால் அதன் பெயரும் போகும். பெயர் போனால் அக்கருவியைக் கையாண்ட மக்களின் அறிவும் போகும். எழுதி வைத்த ஏடு ஒன்றே எஞ்சி நிற்கும்.

ஜாயசியின் காவியமும் ஹாத்தீமின் கதைகளும்

கிரியர்சன் மொழியை ஆராய்ந்தபோது அம்மொழியில் பிறந்த இலக்கியத்தையும் ஒருசேரப் போற்றினார். 1889ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இந்துஸ்தானத்தின் வட்டாரமொழி இலக்கிய வரலாறு 952 நூலாசிரியர்களைப் பற்றிய குறிப்புகளைக் கொண்டது. துளசிதாசரின் பெருமையை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சூபிக் கவிஞர் மாலிக் முகம்மது ஜாயசி அவதி மொழியில் பாடிய பத்மாவத் காவியத்தை, காசியின் பேரறிஞர் சுதாகர துவிவேதியுடன் இணைந்து கிரியர்சன் பதிப்பித்தார். 1896 முதல் 1911 வரை பகுதி பகுதியாக அது வெளிவந்தது. பாரசீக எழுத்தில் எழுதப்பட்டு வழங்கிய அக்காவியத்தில் கிரியர்சன் ஒரு தனிச்சிறப்பைக் கண்டார். நாகரி எழுத்தில் எழுதியோர் வடமொழி மரபையொட்டிச் சொற்களைத் திருத்தி எழுதும் இயல்பினர். ஜாயசியின் ஏடுகளோ அக்காலத்து மக்கள் ஒலித்தவாறே சொற்களைக் காட்டின. இதனால் மொழி வரலாற்றுக்கு அக்காவியம் பெருஞ்சான்றாயிற்று. 1910ஆம் ஆண்டில் துவிவேதியார் மறைந்தமையால் அப்பதிப்பு முற்றுப்பெறாது நின்றது. சூபி ஒருவரின் காவியத்தை வைதிகப் பண்டிதர் ஒருவரும் அயர்லாந்துக் கிறித்தவர் ஒருவரும் ஒரே மேசையில் வைத்து ஆராய்ந்த அக்காட்சி நெஞ்சைத் தொடுவதாகும்.

காசுமீரத்துக் கதையொன்றும் இங்குக் கூறத்தக்கது. 1896ஆம் ஆண்டில் ஆரல் ஸ்டைன் என்னும் அறிஞர், ஹாத்தீம் என்னும் முஸ்லிம் கதைசொல்லியை அழைத்துக் காசுமீரக் கதைகளையும் பாடல்களையும் கேட்டார். ஹாத்தீம் செக்காட்டும் குடியினர். அவர் சொல்லச் சொல்ல ஸ்டைன் தாம் கேட்ட ஒலியை உரோமன் எழுத்திலும், பண்டிதர் கோவிந்த கௌல் நாகரியிலும் எழுதினர். ஒரு வாயின் சொல் இரு காதுகளில் இருவகையாக விழுந்தது. இவ்விரு படிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து கிரியர்சன் 1923ஆம் ஆண்டில் நூலாக்கினார். எண்ணெய் வாணிகர் ஒருவரின் பெயரை ஓர் ஆராய்ச்சி நூலின் தலைப்பிலேயே பொறித்த பெருமை அதற்கு உண்டு. நான்கு பகுதிகளாக அமைந்த காசுமீரி அகராதியையும் அவர் 1932ஆம் ஆண்டில் முடித்தார்.

வியன்னாவில் பிறந்த திட்டம்

1886ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு கூடியது. இந்திய மொழிகள் அனைத்தையும் முறையாக அளந்தறியும் பணியை அரசு மேற்கொள்ள வேண்டும் என்னும் கருத்து அங்கு எழுந்தது. பூலர், வேபர் முதலிய பேரறிஞர்களின் ஆதரவோடு அம்மாநாடு இந்திய அரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. கிரியர்சன் அம்முயற்சியில் முன்னின்றார்.

அரசின் இசைவு எளிதில் கிட்டவில்லை. செலவைக் காட்டிக் காலம் தள்ளப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து 1894ஆம் ஆண்டில்தான் பணி தொடங்கியது. அதற்குள் கிரியர்சன் கயை, பாட்னா முதலிய இடங்களில் ஆட்சிப் பொறுப்புகளை வகித்தார். பின்னர்ப் பீகாரின் அபினித் துறை முகவராகவும் அமர்த்தப்பட்டார். 1898ஆம் ஆண்டில் இந்திய மொழிகளின் அளவாய்வுக்கு அவர் கண்காணிப்பாளரானார். சில காலத்திற்குப் பின் இங்கிலாந்து சென்று, 1903ஆம் ஆண்டில் ஆட்சிப் பணியினின்று ஓய்வு பெற்று, சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லி என்னும் ஊரில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்.

அளவாய்வு நடந்த முறை

அளவாய்வின் முறை எளிமையானது. ஒவ்வொரு மொழிக்கும் கிளைமொழிக்கும் மூன்று மாதிரிகள் வேண்டப்பட்டன. முதலாவது, விவிலியத்தில் வரும் ஊதாரி மைந்தன் கதையின் மொழிபெயர்ப்பு. இரண்டாவது, மொழிபெயர்ப்பாக அல்லாமல் அம்மக்களே தம் வாயால் கூறிய ஒரு கதையோ பாட்டோ வாக்குமூலமோ. மூன்றாவது, 241 சொற்களும் தொடர்களும் அடங்கிய பட்டியல்.

ஊதாரி மைந்தன் கதையைத் தேர்ந்தமைக்கு இலக்கணக் காரணம் இருந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை ஆகிய மூவிடமும், வேற்றுமைகள் பெரும்பாலும், முக்காலமும் அச்சிறு கதையுள் வந்துவிடுகின்றன. மக்களின் மனம் புண்படாதிருக்கும் பொருட்டுக் கதையின் சில சொற்கள் மாற்றப்பட்டன. இரண்டாவது மாதிரியே அளவாய்வின் உயிர் எனலாம். மொழிபெயர்க்கும்போது மூலத்தின் நடை வந்து புகுந்துவிடும். தன் ஊர்க் கதையைத் தானே சொல்லும்போதுதான் ஒருவன் தன் மொழியில் பேசுகிறான்.

மொழியின் பெயரை அறிவதே பெரும்பாடாக இருந்தது. ஊர்மக்கள் தம் பேச்சுக்குப் பெயரிட்டு வழங்குவதில்லை. பெயரிடுவோர் அயலூரார். அப்பெயரிலும் பெரும்பாலும் ஏளனம் கலந்திருக்கும். பஞ்சாபில் ஜங்கலி, அதாவது காட்டுப்பேச்சு, என்றொரு வழக்கைத் தேடிச் சென்றபோது, சென்ற ஊரிலெல்லாம் அது இங்கில்லை, அடுத்த பக்கத்தில் உள்ளது என்றே விடை கிடைத்தது. தன் பேச்சைக் காட்டுப்பேச்சு என்று ஒப்புவார் யார்? இந்துகுஷ் மலையிடை வழங்கிய ஒரு மொழிக்கு, மேய்ப்பர் ஒருவரைச் சித்ராலுக்கு வருவித்து, இடையே வேறொருவரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தி மாதிரி பெறவேண்டியிருந்தது.

மாதிரிகளை எழுதி அனுப்பியோர் மாவட்ட அலுவலர்கள், பள்ளி ஆசிரியர்கள், எழுத்தர்கள், முன்ஷிகள், சமயப் பணியாளர்கள் ஆகியோர். மொழியியல் பயிலாத அவர்களின் உழைப்பின் மேல்தான் இம்மாளிகை எழுந்தது. வந்த கட்டுகளை ஒப்பிட்டு, ஐயங்களைத் திருப்பி எழுதிக் கேட்டு, இலக்கணம் வகுத்தார் கிரியர்சன். நூல்கள் கல்கத்தாவில் அச்சாயின. மெய்ப்புத் தாள்கள் கடல் கடந்து சென்று திரும்பின. நார்வே நாட்டு அறிஞர் ஸ்டென் கோனோ அவருக்குத் துணையாக அமைந்து, முண்டா, திராவிட மொழிகள் பற்றிய தொகுதி உள்ளிட்ட சிலவற்றை உருவாக்கினார்.

இவ்வாறு 1903 முதல் 1928 வரை 11 தொகுதிகள், 19 புத்தகங்கள், ஏறத்தாழ 8,000 பக்கங்கள் வெளிவந்தன. 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் அவற்றில் விளக்கம் பெற்றன. பணி முடிந்த 1928ஆம் ஆண்டிலேயே ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் பெருஞ்சிறப்பு அவரை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.

மறுப்பையும் வரவேற்ற பண்பு

கிரியர்சனின் முடிவுகள் அனைத்தும் நிலைத்துவிடவில்லை. இந்திய ஆரிய மொழிகளை அகவட்டம், புறவட்டம் என அவர் பகுத்தார். வங்கத்துப் பேரறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட வங்கமொழி வரலாற்றுப் பெருநூலில் அக்கொள்கையை வன்மையாக மறுத்தார். அந்நூலுக்கு அணிந்துரை வழங்கியவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? கிரியர்சனே ஆவார்! நாற்பதாண்டு உழைப்பில் தாம் கண்ட முடிவை மறுக்கும் இளைஞரின் நூலை, தம் பெயரிட்டு உலகுக்கு அறிமுகம் செய்தார் அம்முதியவர். ஆராய்ச்சியாளர்க்கு இதனினும் உயர்ந்த பாடம் வேண்டுவதில்லை.

மைதிலி, மகஹி, போஜ்புரி மூன்றையும் பீகாரி என்னும் ஒரே பெயரில் அவர் அடக்கியதும் மறுப்புக்கு உள்ளாயிற்று. அப்பெயரால் எம்மொழியையும் மக்கள் வழங்கியதில்லை. மைதிலி தனிமொழி என்னும் கோரிக்கை நெடுங்காலம் நடந்து, 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. அக்கோரிக்கையாளர்க்கு 1881ஆம் ஆண்டின் கிரியர்சன் இலக்கணமே சான்றாக உதவியது என்பது சுவையான செய்தி. அன்னார் இட்ட பெயர் மறுக்கப்பட்டது. அன்னார் திரட்டிய சான்று நிலைபெற்றது.

விடுபட்ட தெற்கு

இனி, தமிழராகிய நமக்கு நேரே தொடர்புடைய செய்தியைக் கூறுவோம். இந்திய மொழிகளின் அளவாய்வு என்று பெயர் பெற்றிருந்தும், சென்னை மாகாணமும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களும் பர்மாவும் அதன் எல்லைக்குள் அடங்கவில்லை. 1906ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தொகுதி திராவிட மொழிகளுக்கு உரியது. நடு இந்தியாவின் கோண்டி, சோட்டா நாகபுரியின் குடுக், இராஜமகால் மலையின் மால்டோ, பலூசிஸ்தானத்து முஸ்லிம்கள் பேசும் பிராகுவி ஆகிய நம் உறவு மொழிகள் அதில் இடம்பெற்றன. தமிழும் அதில் விளக்கம் பெற்றது. ஆயினும் அவ்விளக்கம் முன்னரே அச்சான நூல்களைச் சார்ந்தது. தஞ்சைக்கோ நெல்லைக்கோ கொங்குக்கோ மாதிரி கேட்டு மடல் வரவில்லை.

தமிழுக்குத் தொல்காப்பியம் உண்டு, 1856ஆம் ஆண்டிலேயே கால்டுவெல்லின் ஒப்பிலக்கணமும் உண்டு, ஆதலின் இழப்பு என்ன என்று சிலர் கேட்கலாம். இழப்பு உண்டு. செந்தமிழுக்கு நம்மிடம் ஏடுகள் உள்ளன. 1900ஆம் ஆண்டில் ஒரு செக்காட்டியும் நெசவாளியும் கடலோரத்து மரைக்காயரும் மலைக்குடியினரும் எவ்வாறு பேசினர் என்பதற்கு, பீகாருக்குக் கிடைத்ததைப் போன்ற ஊர்வாரியான பதிவு நமக்குக் கிடைக்கவில்லை. 1920களில் சென்னை மாகாண மொழிகளுக்கும் இசைத்தட்டுப் பதிவுகள் செய்யப்பட்டதும், அவற்றுள் தமிழ்க்குரல்கள் அடங்கியதும் ஓரளவு ஆறுதல் தருவன. பின்னர் 1930களில் நீலமலையில் தங்கித் தோதர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோவும், 1961ஆம் ஆண்டில் அவரும் பர்ரோவும் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மொழியியல் துறையின் ஆய்வுகளும் இக்குறையைச் சிறிது சிறிதாக நிரப்பின.

மைசூரில் எழுந்த நிறுவனம்

கிரியர்சன் 1941ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் தம் தொண்ணூறாம் அகவையில் கேம்பர்லியில் காலமானார். அவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1969ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள், விடுதலை பெற்ற இந்திய அரசு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தை நிறுவியது. அதன் முதல் இயக்குநர் ஒடிய அறிஞர் தேவி பிரசன்ன பட்டநாயக் ஆவார். கிரியர்சனின் அளவாய்வு எட்டாது போன அதே மைசூரில் அந்நிறுவனம் அமைந்தது, வரலாறு செய்த ஒரு நேர்செய்கை எனலாம்.

ஆட்சியாளர்க்காக மொழியை அறிவது அன்றைய நோக்கம். பேசுவோர்க்காக மொழியை வளர்ப்பது இன்றைய நோக்கம். பழங்குடி மக்களின் மொழிகளுக்கு இலக்கணங்களும் அகராதிகளும் பாடநூல்களும் அந்நிறுவனம் ஆக்கியுள்ளது. அதன் வட்டார மொழி மையங்களில் ஒரு மாநிலத்து ஆசிரியர் மற்றொரு மாநில மொழியைக் கற்கின்றனர். வடநாட்டு ஆசிரியர்கள் தமிழ் கற்க மைசூர் மையம் வழிசெய்தது. 2004ஆம் ஆண்டில் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பட்ட பின், செம்மொழித் தமிழ் மையம் 2006ஆம் ஆண்டில் முதலில் அந்நிறுவனத்தில்தான் தொடங்கியது. 2008ஆம் ஆண்டில் அது சென்னைக்கு வந்தது. பதினாயிரம் பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவு செய்யும் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

அந்தப் பதினாயிரம் என்னும் எண்ணுக்குப் பின்னே ஒரு துயரம் உண்டு. 1971ஆம் ஆண்டு முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழிப் பட்டியல்களில், பதினாயிரம் பேருக்குக் குறைந்த மொழிகள் தனிப்பெயரின்றிப் பிற என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிட்டன. ஒன்பதாயிரம் பேர் தம் மொழியில் தாலாட்டுப் பாடினாலும் ஏட்டில் அம்மொழிக்குப் பெயரில்லை. கிரியர்சன் காலத்தில் ஒரு மேய்ப்பரின் பேச்சுக்கும் தனிப்பக்கம் கிடைத்தது என்பதை நினைக்கும்போது, நாம் எதை முன்னேற்றம் என்கிறோம் என்ற வினா எழுகின்றது.

முடிவுரை

தமிழாசிரியர்களாகிய நாம் இங்கு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். மாணவர் தம் கட்டுரையில் வீட்டுச் சொல்லொன்றை எழுதிவிட்டால், அதனைச் சிவப்பு மையால் அடித்துக் கொச்சை என்று ஓரத்தில் குறித்தவர்கள் நாம். ஆணம் என்று எழுதிய மாணவனைக் குழம்பு என்று திருத்தியிருக்கிறோம். அச்சொல் தமிழகராதியில் இடம்பெற்ற நல்ல தமிழ்ச்சொல் என்பதைப் பின்னரே கண்டு நாணினோம். அவ்வாறே உணவுண்டீர்களா என்பதைப் பசியாறினீர்களா என்று கேட்கும் நம் வீட்டு வழக்கில் உள்ள நயத்தை எந்தப் பாடநூல் நமக்குக் கற்பித்தது? தேர்வில் செந்தமிழ் எழுதப் பயிற்றுவது நம் கடன். அதற்காக வீட்டுத்தமிழைப் பழித்துரைக்க நமக்கு உரிமையில்லை.

கிரியர்சனுக்குக் கிட்டாத வாய்ப்பு நமக்குண்டு. அவர் கடலுக்கு அப்பாலிருந்து மடல் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. நாமோ நம் பாட்டிமாரின் அருகிலேயே அமர்ந்திருக்கிறோம். மாணவர் ஒவ்வொருவரும் இவ்விடுமுறையில் தம் ஊர் முதியவர் ஒருவரிடம் ஒரு கதையைக் கேட்டு, அவர் சொன்னவாறே, ஒரு சொல்லையும் திருத்தாது எழுதி வருவாராக. சமையல், கடல், தறி, வயல், மணவிழா, நோன்புக் காலம் என்று ஒரு துறையை எடுத்துக்கொண்டு, நூறு சொற்களைப் பொருளோடு தொகுப்பாராக. சொன்னவர் பெயரையும் ஊரையும் மறவாது குறிப்பாராக. ஹாத்தீமின் பெயர் நின்றது அவ்வாறே.

சமுதாயப் பெரியோர்களை நாம் வேண்டிக்கொள்வதும் ஒன்றுண்டு. பேரப்பிள்ளைகள் வந்து கேட்கும்போது, அது பழங்காலத்துப் பேச்சு, உனக்கெதற்கு என்று தட்டிவிடாதீர்கள். ஓர் எண்ணெய் வாணிகர் வாய் திறந்து சொன்னமையால் காசுமீரிக்கு ஒரு நூல் கிடைத்தது. சொல்வோர் இருக்கும்போதே கேட்போரும் எழுதுவோரும் அமையின், விடுபட்ட தெற்கின் ஏடு நம் கையாலேயே நிறைவுறும்.